பின்கதவு

தையற்கூடம் எரிந்து நான்கு பெண்கள் செத்த ஆறாம் நாள், எரிந்த இடத்தின் படங்கள் ஸோர்னிட்சாவின் மேசைக்கு வந்தன. அதற்குள் நால்வரின் முகங்களும் மரண அறிவிப்புத் தாள்களில் மின்கம்பம்தோறும் ஒட்டப்பட்டிருந்தன.

நீதிமன்றத் தீவிபத்து நிபுணர் ஸ்தமெனோவிடம் வேலை பார்ப்பவள் அவள். கூடத்தின் மேற்பார்வையாளன் கிராசென் அவளுடைய அக்காள் கணவன். உறவைச் சொல்லி ஒதுங்கியிருக்கலாம். ஆனால் பின்கதவு திறந்துதான் இருந்தது என்று கிராசென் சொன்னதை அவள் நம்பினாள்.

கதவை இனிப் பார்க்க வழியில்லை. தீ அணைந்த மறுநாளே கூடத்தின் முதலாளி இடிபாடுகளை அள்ளிவிட்டார். மிஞ்சியவை, அதற்குமுன் ஸ்தமெனோவ் ஒரே இடத்தில் நின்று, வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் எடுத்த ஒன்பது படங்கள். கூரை பிளந்து வெயில் கொட்டிய இடம் வெள்ளை. பின்கதவுப் பக்கம் கரி.

ஒன்பதையும் கணினியில் ஒரே கோப்பாக்கினாள். அத்தனை வெளிச்சத்தையும் எந்தத் திரையும் காட்டாது. வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள இடைவெளியைச் சுருக்கித்தான் காட்ட வேண்டும். கறுப்புச் சாளரத்தில் கட்டளையை அடித்தாள். அழகான படம் வந்தது. பின்கதவு மூலை மட்டும் இருட்டு. வேறு முறையைக் கொடுத்து, நிழலைத் தூக்கும் எண்ணைக் கூட்டி மறுபடி அடித்தாள்.

இருட்டு சாம்பல் நிறமாக விலகியது. கதவு தெரிந்தது. கைப்பிடியில் சங்கிலி, சங்கிலியில் பூட்டு. கதவின் கரியில் விரல்கள் இழுத்த கோடுகள்.

அக்காள் வீட்டுக்குப் போன் செய்தாள். கிராசென் எடுத்தான்.

"அத்தான், சாவி யாருகிட்ட இருந்துச்சு?"

"துணி திருட்டுப் போகுதுன்னு முதலாளி பூட்டச் சொன்னாரு. நான் வெளிய சிகரெட் பிடிச்சுக்கிட்டிருந்தேன். சாவி என் பைலதான் இருந்துச்சு. புகைக்குள்ள காலெடுத்து வைக்க முடியல, ஸோர்னிட்சா."

ஸோர்னிட்சா இரண்டு படங்களைப் பற்றியும் சொன்னாள். பக்கத்திலிருந்து கேட்ட அக்காள் நெவெனா போனைப் பிடுங்கினாள். "மூலை இருட்டா இருக்கிற படத்தையே அனுப்பிடேன்டி. அதுவும் நிஜப் படம்தானே?"

"நிஜம்தான் அக்கா."

"அப்புறம் என்ன? என் புள்ளைங்க மூஞ்சிய நெனச்சுப் பாரு!"

"அந்த நாலு பேருக்கும் புள்ளைங்க இருக்கு."

"நீ கூடப் பொறந்தவளாடி?" இணைப்பு அறுந்தது.

அவள் இரண்டு படங்களையும் கட்டளைகளோடு ஸ்தமெனோவிடம் கொடுத்து, உறவையும் சொன்னாள். அதுவரை மறைத்ததற்காக அவர் கத்தித் தீர்த்தார். பிறகு ஒன்பது படங்களையும் பிளவ்டிவ் நகரில் வேறொரு நிபுணருக்கு அனுப்பினார். அங்கேயும் அதே கட்டளை அதே பூட்டைக் காட்டியது.

கிராசெனுக்கு ஏழு ஆண்டுகள் சிறை. பூட்டச் சொன்னதற்குத் எழுத்தில் ஆதாரம் இல்லை என்று முதலாளி தப்பினார். வசந்தத்தில் பக்கத்து ஊரில் புதுக் கூடம் திறந்தார். வேறு வேலை கிடைக்காமல் நெவெனா அங்கேதான் தைக்கிறாள். காலைப் பேருந்தில் தங்கையைக் கண்டால் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.