இருபத்து நாலு பாயிண்ட் ஆறு

எடை மெஷின் செய்யும் கம்பெனியில் அவருக்கு 'தசமம்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. வெளியே போகிற ஒவ்வொரு மெஷினிலும் படிக்கல்லை வைத்துப் பார்ப்பார். எண் சரியாக வந்தால்தான் முத்திரை. ஒரு கிராம் பிசகினாலும் முகத்தைக் கூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பிவிடுவார். அது அவர் வேலை, அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மனிதர் சாயங்காலம் ஐந்தரைக்குக் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும்போது அந்தப் படிக்கல்லையும் கூடவே வீட்டுக்குக் கொண்டு வந்தார், அதுதான் வில்லங்கம். "ஆத்துல கொட்டினாலும் அளந்து கொட்டணும்" என்று ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

இரண்டு வருஷத்துக்கு முன் ஹைப்ரிட் கார் வாங்கினார்கள். பெட்ரோல் இன்ஜினும் பேட்டரி மோட்டாரும் மாறி மாறி இழுக்கிற வண்டி. விளம்பரத்தில் லிட்டருக்கு இருபத்தெட்டு கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. "அது லேப்ல உருளை மேல ஓட்டிப் பாத்த கணக்கு. ரோட்டுல என்ன குடுக்குதுன்னு நான் சொல்றேன்" என்றார் தசமம். டேங்கைக் கழுத்து வரை நிரப்புவார். அது தீர்ந்து வருகையில் மறுபடி கழுத்து வரை நிரப்புவார். ஓடின தூரத்தை ஊற்றின லிட்டரால் வகுத்து நீல அட்டை நோட்டில் எழுதுவார். வந்த சராசரி 24.6. பெற்ற மகள் வாங்கிய மார்க்கைக் கூட அவர் இவ்வளவு பேரிடம் சொன்னதில்லை.

வண்டியை ஓட்டியது பெரும்பாலும் அவர் மனைவி. பதினோரு கிலோமீட்டர் தள்ளி ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை அவளுக்கு. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டு, "மூச்சை இழுங்க... பிடிங்க... விடுங்க" என்று முன்பின் தெரியாதவர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு வந்தால் தசமத்தின் பாடம் தொடங்கும்.

"ஆக்சிலேட்டருக்கு அடியில ஒரு முட்டை இருக்குன்னு நெனச்சுக்கோ. அது உடையாம அழுத்தினா இன்ஜின் எந்திரிக்கவே எந்திரிக்காது. பேட்டரியிலயே கேட்டைத் தாண்டிடலாம், பூனை போற மாதிரி."

அவர் செய்து காட்டினால் அப்படியே நடக்கும். அவள் ஓட்டினால் கேட்டுக்கு முன்னால் இருக்கிற சின்ன மேட்டில் இன்ஜின் உறுமிவிடும். இரண்டாவது மாடி பால்கனியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார் தசமம். அவள் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்விடும்: 'இன்னைக்கும் முட்டை உடைஞ்சுது.'

"முட்டையை மிதிக்காம எத்தனை நாளைக்குத்தான் நடக்கறது?" என்று ஒரு தடவை கேட்டாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. மகள் அப்போது வீட்டில் இருந்தாள். "அப்பாகிட்ட பேசினா பரீட்சை எழுதற மாதிரியே இருக்கு, விடும்மா" என்று அம்மாவின் தோளில் சாய்ந்து சமாதானம் செய்தாள். அந்த மகளும் போன வருஷம் படிக்க வெளியூர் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள்.

அதற்கப்புறம்தான் நோட்டில் எண் இறங்க ஆரம்பித்தது. 23.1. பிறகு 20.9. பிறகு 17.6.

தசமத்துக்குத் தூக்கம் போயிற்று. டயரில் காற்று குறைந்ததோ என்று பார்த்தார். பெட்ரோல் பங்க்கை மாற்றினார். டிக்கியில் கிடந்த குடையைக்கூட எடுத்து வெளியே வைத்தார், பாரம் குறையட்டும் என்று. ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு அவரே அவளைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வந்தார். 24.4 வந்தது. மறு வாரம் அவள் தனியாகப் போனாள், பழைய குருடி கதவைத் திறடி என்று மறுபடி 17.5.

"வண்டி நல்லாத்தான் இருக்கு. நீ ஓட்டறதுலதான் என்னமோ இருக்கு. பிரேக்கை நச்சுனு மிதிக்கிறியா?"

"இல்லீங்க."

"சிக்னல்ல தூரத்துலயே காலை எடுக்கறியா?"

"எடுக்கறேங்க."

"அப்புறம் ஏன் தினம் ஏழு மணியாகுது? ஆறுக்கெல்லாம் வந்துடலாமே."

"டிராஃபிக்" என்றாள் அவள். டம்ளரைக் கழுவப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஓய்வு நாள். வண்டியைச் சர்வீஸ் சென்டருக்கு ஓட்டிப் போனார். பேட்டரி செத்துவிட்டது, ஏசியில் ஓட்டை, வண்டி நிற்கிற இடத்தில் தினமும் ஒரு குட்டைத் தண்ணீர் நிற்கிறது என்று புகார்களை அடுக்கினார். அங்கிருந்த அட்வைசர் நிதானமான ஆள். வண்டியின் கம்ப்யூட்டரோடு லேப்டாப்பைச் சேர்த்து, ஒரு மணி நேரம் நோண்டிவிட்டு வந்தார்.

"பேட்டரி சூப்பரா இருக்கு சார். ஏசியும் நல்லா இருக்கு. அந்தத் தண்ணி, ஏசி ஓடினா சொட்டற தண்ணிதான்."

"பதினோரு கிலோமீட்டருக்கு அவ்வளவு சொட்டுமா?"

"ஓடினா சொட்டாது சார். நின்னா சொட்டும்." அட்வைசர் குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார். "வண்டி தினமும் சாயங்காலம் முக்கால் மணி, ஐம்பது நிமிஷம் ஒரே இடத்துல ஆன்ல நிக்குது. ஏசி போட்டிருந்தா பேட்டரி இறங்கும், இறங்கினா இன்ஜின் தானா எந்திரிச்சு சார்ஜ் பண்ணும். பெட்ரோல் போகும், கிலோமீட்டர் ஏறாது. அதான் சார் மைலேஜ் அடிவாங்குது."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. முக்கால் மணி நேரம் எங்கே நிற்கிறது? யாரோடு நிற்கிறது? திரும்பும் வழியில் பழக்கதோஷத்தில் டேங்கைக் கழுத்து வரை நிரப்பினார். நாற்பத்து மூன்று லிட்டர் டேங்க் அது. வீட்டுக்கு வந்தவர் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் பேப்பரை விரித்துக்கொண்டார். கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவருக்குப் பயமாக இருந்தது. கோபம் என்று அதற்குப் பெயர் வைத்துப் பார்த்தார், ஒட்டவில்லை.

தண்ணீர் தேங்குவது வீட்டுக்குக் கீழேதான் என்பது ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. திங்கட்கிழமை பர்மிஷன் போட்டுவிட்டு ஐந்து மணிக்கே வந்து, கட்டடத்தின் கீழே கார்கள் நிற்கிற இடத்தில், தண்ணீர் மோட்டார் அறைக்குப் பின்னால் நின்றார். நாலு பக்கமும் திறந்த இடம். தூண்கள் மட்டும் உண்டு. அவர்கள் வீட்டுக்கான இடம் கடைக்கோடித் தூணுக்கு அந்தப் பக்கம், பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாலும் தெரியாது. ஆறு அடித்து ஐந்து நிமிஷத்தில் வண்டி வந்தது. அவள் மட்டும்தான் இருந்தாள்.

விளக்கை அணைத்தாள். வண்டியை அணைக்கவில்லை. செருப்பைக் கழற்றினாள், சீட்டைப் பின்னால் சாய்த்தாள், கண்ணை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான். யாரும் வந்து ஏறவில்லை. அவள் போனைத் தொடக்கூட இல்லை. அப்படி யாராவது வந்து ஏறியிருந்தால் தசமத்துக்குச் சண்டை போடவாவது ஓர் ஆள் கிடைத்திருப்பான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும், அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைத் தவிர அங்கே எதுவும் நடக்கவில்லை. ஒரு தடவை இன்ஜின் தானாக எழுந்தது, ஓடியது, அடங்கியது. அவர் கை தன்னால் வாட்ச்சைத் திருப்பிப் பார்த்தது. இரண்டு நிமிஷம் பத்து வினாடி.

ஏழுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவள் நிமிர்ந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டாள். கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, முகத்தைத் துடைத்து, அதில் ஒரு முகத்தைக் கொண்டுவந்து வைத்தாள். இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவார்களே, அந்த அறைக்குள் நுழைவதற்கு முன் வைத்துக்கொள்கிற முகம். தசமத்துக்கு அது நன்றாகத் தெரிந்த முகம். தினமும் ஏழு மணிக்கு அவர் கதவைத் திறக்கும்போது பார்க்கிற முகம் அதுதான், அதுதான் அவள் முகம் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார்.

அதற்கு மேல் அவரால் ஒளிந்து நிற்க முடியவில்லை. போய் ஜன்னல் கண்ணாடியைத் தட்டினார்.

தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. கண்ணாடியை இறக்கியதும் வாயில் வந்த முதல் வார்த்தை: "நான் பிரேக்கை மிதிக்கவே இல்லீங்க."

கையும் களவுமாகப் பிடிபட்டவள் அவள். குன்றிப்போனதென்னவோ அவர்தான். "எத்தனை நாளா?" என்றார்.

"அதுலயும் எத்தனைதானா?" அவள் லேசாகச் சிரித்தாள். "பாப்பா ஹாஸ்டலுக்குப் போனதுலேர்ந்து. மொதல்ல அஞ்சு நிமிஷம் உக்காந்தேன். அப்புறம் மேல ஏறவே மனசு வரலை."

"வீடு இருக்கும்போது இங்க எதுக்கு..."

"மேல வந்தா பதில் சொல்லணுங்க. ஏன் லேட்டு, எத்தனை தடவை பிரேக்கு, பால் ஏன் பொங்கிச்சு, ரூம்ல ஆள் இல்லாம ஃபேன் ஏன் ஓடுது. நீங்க கெட்டவர் இல்ல. அடிச்சதில்ல, திட்டினதில்ல. ஆனா உங்ககூட இருந்தா நாள் முழுக்க நான் தட்டுல ஏறி நிக்கற மாதிரி இருக்கு." பின்னால் சாய்த்திருந்த சீட்டை நிமிர்த்தினாள். "நாள் பூரா எல்லாரையும் மூச்சைப் பிடிங்க, விடுங்கன்னு சொல்றேன். இங்க வந்துதான் நான் விடறேன்."

இப்போது ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று தசமத்துக்குப் புரிந்தது. மேலே வா, டீ போட்டுத் தரேன், உக்காரு, நான் ஒண்ணும் கேக்கலை. இதெல்லாம் நெஞ்சில் வரிசையாக வந்து நின்றன. மனிதர் வாயைத் திறந்தார். அரை நூற்றாண்டாக அளந்தே பழகிய வாய் அது.

"ஏசியையாவது அணைச்சிருக்கலாமே" என்றது. "ஒரு மணி நேரத்துக்கு நானூறு மில்லி போகுது."

சொன்ன மாத்திரத்திலேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கொட்டின பாலை அள்ள முடியுமா? அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை, அழுகையும் இல்லை. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, எங்கே முறிந்திருக்கிறது என்று கண்டுகொண்ட பிறகு கீழே வைப்பார்களே, அப்படிப் பார்த்தாள்.

"நீங்க போங்க. பத்து நிமிஷம் குடுங்க எனக்கு" என்றாள்.

"வந்துடுவே இல்ல?"

"போங்க."

மேலே ஏறி டீ போட்டார். சர்க்கரையை ஸ்பூனால் அளக்காமல் கையாலேயே போட்டார், அதை அவள் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. நீல நோட்டை எடுத்து அலமாரியின் மேல்தட்டில், துணிகளுக்குப் பின்னால் ஒளித்தார். மேட்டில் ஏறுகிற இன்ஜின் சத்தத்துக்குக் காதைத் தீட்டி வைத்துக்கொண்டிருந்தார். எதுவும் கேட்கவில்லை. நல்லது, வண்டியை அணைத்துவிட்டாள், படியேறி வருகிறாள் என்று நினைத்தார். பத்து நிமிஷம் ஆயிற்று. பதினைந்தும் ஆயிற்று. டீயின் மேல் ஆடை படிந்தது.

போனில் செய்தி வந்தது. 'அக்கா வீட்டுக்குப் போறேன். எத்தனை நாள்னு கேக்காதீங்க.'

ஒரு காலில் செருப்பும் மறு காலில் ஒன்றுமில்லாமலும் இறங்கி ஓடினார். தூணுக்குப் பக்கத்தில் வண்டி இல்லை. தரையில் ஏசித் தண்ணீர் மட்டும் தேங்கி நின்றது. கேட்டில் வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"அம்மா இப்பதான் போனாங்க சார்" என்றார். "சத்தமே வரலை. கிட்ட வந்து லைட்டு போட்டப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது. அந்த மேட்டுல கூட இன்ஜின் எந்திரிக்கலை சார். எவ்வளவு பதமா ஓட்டறாங்க!"

இரண்டு வருஷமாக அவர் தலைகீழாக நின்று சொல்லிக் கொடுத்ததை அவள் ஒரே தடவையில் செய்து காட்டிவிட்டுப் போயிருந்தாள். முட்டை உடையவில்லை.

தசமம் அந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில் வந்து நின்றார். வேண்டாம் வேண்டாம் என்று அவர் தடுக்கத் தடுக்க, மண்டைக்குள் கணக்கு தன்பாட்டுக்கு ஓட ஆரம்பித்தது. டேங்கை நேற்று அவரே கழுத்து வரை நிரப்பியிருந்தார். இன்று அவள் போய் வந்தது, இங்கே நின்றது எல்லாம் கழித்தாலும் நாற்பத்தொன்றே முக்கால் லிட்டர் இருக்கும். இப்போது ஓட்டினது போலவே ஓட்டினால் லிட்டருக்கு இருபத்து நாலு பாயிண்ட் ஆறு. ஆயிரத்து இருபத்தேழு கிலோமீட்டர். பாயிண்டுக்குப் பின்னால் வந்ததை அவர் எண்ணவில்லை. அத்தனை தூரம் அவள் எங்கேயும் நிற்காமல் போகலாம்.