சாவடிப் பலகையின் ஆறாம் பெயர்

பஸ்ராப் போர்முனையில் மாண்ட மகனுக்கு மீனாம்பாளால் ஒரு பிடி மண்கூடப் போட முடியவில்லை. தந்தி வந்தது, யாரோ படித்துச் சொன்னார்கள், அவ்வளவே அவள் கண்ட மரணம். மூன்றாண்டு கழித்து, கணியம்பாடிக்குத் தெற்கேயிருந்த அவ்வூர்ச் சாவடியில், யுத்தத்தில் இறந்த அறுவரின் பெயர் தாங்கிய கறுப்புப் பலகை ஏறியது. ஐவர் ஊர்த்தெருப் பிள்ளைகள். முதல் பெயர் கிராம முன்சீப் ராமமூர்த்தியின் தம்பி சம்பத். ஆறாவது, சேரியிலிருந்து பட்டாளத்துக்கு மூட்டை சுமக்கப் போன அவள் மகன் பெருமாள். சர்க்கார் பட்டியலில் இருந்ததால் முன்சீப்பால் விலக்க முடியவில்லை.

மகன் பெயரை ஒருமுறை தொடவேண்டும். மீனாம்பாள் கேட்டது அதுதான். சாவடிப் படியையோ சேரிக்கால் மிதித்ததில்லை.

ஞாயிறு மத்தியானம். ஆம்பூரில் தோல்கட்டுகளுக்குக் குறியெழுதும் சத்தார், பலகையை எழுதி முடித்துத் தூரிகை கழுவிக்கொண்டிருந்தார்.

“பாய், எம் புள்ள எது?”

“கடைசி வரி, மீனாம்மா. இங்கருந்தே பாத்துக்கோ.”

“எழுத்து தெரியாதவ தூரத்துல பாத்து இன்னா பண்றது?”

ஏறிவிட்டாள். தோல் பதனிடும் ஆவாரம்பட்டைச் சாற்றில் கறைபிடித்த விரல் கடைசி வரியில் மெல்ல ஊர்ந்தது.

“வந்துட்டியாடா” என்றாள்.

“ஏய், எறங்குடி!” தெருவிலிருந்து முன்சீப் அலறினார். “நாளைக்கு இதத் தெறக்கக் கலெக்டர் தொர வர்றாரு, பலகையைத் தீட்டாக்கிட்டியே! கோமியத்தண்ணி கொண்டாங்கடா, கழுவுங்க!”

“எங்க தெருவுக்குள்ள வந்து நின்னு யுத்தத்துக்கு ஆள் புடிச்சீங்களே சாமி, அன்னிக்கு இந்தத் தீட்டு எங்க போச்சு?”

பதிலாக முன்சீப்பின் ஆட்கள் இருவர் அவளைத் தெருவில் இழுத்துத் தள்ளினர்.

“ஐயா, வேணாம்!” சத்தார் குறுக்கே பாய்ந்தார். “வெறும் பிசின் சுண்ணாம்பு. வார்னிஷ் காலைலதான் போடணும். தண்ணி பட்டா போய்டும்!”

“தோல்கட்டு சமாச்சாரத்த நீ பாரு பாய். தீட்டு சமாச்சாரம் எங்களுக்குத் தெரியும்.”

மூன்று குடம் பலகையின் தலையிலிருந்து கொட்டினார்கள். மேல்வரி கரைந்து அடுத்த வரியில் விழுந்தது, அதுவும் கரைந்தது. “நிறுத்துங்கடா!” என்று முன்சீப் கத்தியபோது, நிறுத்துவதற்கு எதுவும் மிஞ்சவில்லை. வெளுத்த நீர் படியிறங்கித் தெருவுக்கு வந்தது. அதில் சம்பத் எது, பெருமாள் எது என்று எழுத்தறிந்த முன்சீப்பாலும் சொல்ல முடியவில்லை.

“தம்பி…” என்று அவர் வாய் அசைந்தது. சத்தார் பட்டியல் காகிதத்தை மறுபடி விரித்தார்.

“சாமி” என்றாள் மீனாம்பாள். “திரும்ப எழுதினா, தொடவுடுவீங்களா?”

முன்சீப் வெறும் பலகையையே பார்த்து நின்றார். பதில் வராமல் எழுவதில்லை என்று அவள் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்தாள்.