கசிவு இல்லை

ஹைட்ரஜன் சிலிண்டர் ஆய்வகத்துக்கு வந்த அன்றே பேராசிரியர் லட்சுமிகாந்தம் கேலி செய்தார்.

"பட்டாசு ஊர்ப் பிள்ளை கையில ஹைட்ரஜனா? காலேஜ் தப்பிக்குமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இசைவாணி சிரிக்கவில்லை.

"எதுக்குப் பயப்படணும், எதுக்குப் பயப்பட வேண்டாம்னு பட்டாசு ஊர்லதான் சார் கத்துக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு வால்வைத் திருகினாள்.

அது 2008. விருதுநகரில் ஒரு கல்லூரியில் லட்சுமிகாந்தத்தின் வழிகாட்டுதலில் வேதியியல் முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்துகொண்டிருந்தாள். சொந்த ஊரான விஸ்வநத்தத்தில் அவள் அம்மா சின்னத்தாய் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்தும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

ஆல்கஹாலில் ஹைட்ரஜன் கொஞ்சம்தான் கரையும். தலைமுடியின் தடிமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத துளைகள் நிறைந்த சிலிக்காப் பொடியில் அதே ஆல்கஹாலை ஊறவைத்தால் என்ன ஆகும்? இதுதான் அவளுடைய கேள்வி. மூடிய எஃகுக் கலத்தில் வாயுவை அடைப்பாள். வாயு கரையக் கரைய அழுத்தமானியின் ஊசி இறங்கும். வெறும் ஆல்கஹாலில் புத்தகத்தில் உள்ள அளவே வந்தது. துளைகளுக்குள் அடைபட்ட ஆல்கஹாலோ ஐந்து மடங்குக்கு மேல் வாயுவை இழுத்தது.

"கசிவு" என்றார் லட்சுமிகாந்தம்.

இணைப்புகளில் எல்லாம் சோப்பு நுரை தடவிப் பார்த்தாள். ஒரு குமிழிகூட எழவில்லை.

"அப்ப கரண்ட் போய் வெப்பநிலை மாறியிருக்கும்."

மின்வெட்டு அந்த வருடம் அப்படித்தான் இருந்தது. மீன் வருகிற தெர்மாகோல் பெட்டி ஒன்றை வாங்கித் தண்ணீர் நிரப்பி, கலத்தை அதற்குள் இறக்கினாள். வெப்பநிலை அசையவில்லை. ஊசி மட்டும் முன்போலவே இறங்கியது.

அவர் பொறுமை இழந்தார். "மதுரையிலிருந்து பேராசிரியர் அருணாதேவி கருத்தரங்குக்கு வர்றாங்க. புத்தகத்துல இருக்கிற அளவையே காட்டு. இல்லேன்னா உனக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

சனிக்கிழமை ஊருக்குப் போனாள். அலுமினியத் தூள் ஒட்டிய கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்த சின்னத்தாய் விஷயத்தைக் கேட்டுப் பயந்தாள்.

"அவுக சொல்றதைச் செஞ்சுட்டுப் போயேன் புள்ள. ஒனக்கு எதுக்கு வம்பு?"

"கண்ணால பாத்ததை இல்லைன்னு எப்படிம்மா சொல்ல?"

சின்னத்தாய் கையைக் கழுவி முடித்தாள். "முன்னால தாயில்பட்டிக் கம்பெனியில வேலை பாத்தப்ப, மருந்து நமத்துச் சுடுது, வெடிச்சிரும்னு சொன்னேன். போர்மேன் ஒண்ணுமில்ல, அடைன்னாரு. தட்டைக் கீழ வச்சுட்டு வெளிய வந்துட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அந்தக் கம்பெனியில மறுபடி சேக்கல." கையைச் சேலையில் துடைத்தாள். "போ. பாத்ததையே சொல்லு."

கருத்தரங்கில் இசைவாணி தன் அளவைத்தான் காட்டினாள். லட்சுமிகாந்தம் எழுந்தார்.

"மேடம், இது மாணவியோட பிழை. சொன்னாக் கேக்கல."

இசைவாணி அவர் பக்கம் திரும்பினாள். "பிழை எங்கன்னு காட்டுங்க சார். கலம் பக்கத்து அறையிலதான் இருக்கு. இப்பவே செஞ்சு காட்டுறேன்."

அரங்கம் சலசலத்தது. "வாங்க, பார்ப்போம்" என்று அருணாதேவி முன்னால் நடந்தார்.

பாதிச் சோதனையில் மின்சாரம் போனது. யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். வெயில் வெளிச்சத்தில் ஊசி மெல்ல மெல்ல இறங்குவதை எல்லோரும் பார்த்தார்கள்.

"காய்ந்த பொடியே வாயுவை இழுத்திருக்கலாமே?" என்று கேட்டார் அருணாதேவி.

"தனியாப் பாத்துட்டேன் மேடம். பொடி இழுக்கிறதையும் ஆல்கஹால் இழுக்கிறதையும் கூட்டினாலும் இதுக்குக் கிட்ட வரல."

"ஏன் இப்படி?"

"நிச்சயமாத் தெரியல. துளைச் சுவரை ஒட்டி ஆல்கஹால் நெருக்கமா அடங்க முடியாம இடைவெளி விட்டு நிக்குது, அங்க வாயு புகுந்துக்கிடுதுன்னு நினைக்கிறேன். ஆனா ஏன்னு தெரியலங்கிறதுக்காக நடக்கவே இல்லைன்னு எழுத மாட்டேன்."

மறுநாள் ஆய்வகச் சாவி அவளுக்குக் கிடைக்கவில்லை. வேறு வழிகாட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் லட்சுமிகாந்தம். மன்னிப்புக் கேட்டால் சரியாகிவிடும் என்று துறையில் தூது வந்தது. அவள் கேட்கவில்லை. அருணாதேவியிடம் சேர்ந்து மதுரையில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினாள். அங்கே கலம் வேறு, பொடி வேறு. சோதனையைச் செய்த கையும் வேறொருவருடையது. அளவு மட்டும் அதேதான் வந்தது.

அன்று மாலை அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"இங்கனயும் அதேதான்மா வந்திருக்கு."

"பழைய சாரு ஒத்துக்கிட்டாகளா?"

"இல்லை."

"ஒத்துக்கிடாட்டிப் போறாக. நீ சாப்பிட்டியா?"