லிஃப்ட் காட்சிக்கு ஒரு திருத்தம்

அந்த ஜப்பானிய விளையாட்டைப் புதிதாகச் செய்து மறுபடி வெளியிட்டபோது ஊரே ஒத்து ஊதியது. இருபது வருடங்களுக்கு முன் வந்த அடிதடி வீடியோ கேம் அது. ரவுடிக் கும்பலை விட்டு விலகிய ஒருவன் பழைய தலைவனைத் தேடிப் போய்ப் பழிவாங்கும் கதை. பழையதில் மரப்பாச்சி மாதிரி இருந்த முகங்களில் இப்போது வியர்வைத் துளிகூடத் தெரிகிறது. எந்த விமர்சனத்தைத் திறந்தாலும் நூற்றுக்குத் தொண்ணூறுக்குக் குறைவில்லை. எல்லோரும் லிஃப்ட் காட்சியைத்தான் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். நாயகன் எதிரியோடு லிஃப்டில் ஏறுகிறான். ஒரே குத்து. எதிரி வாசலில் சரிகிறான், நாயகன் இறங்கிப் போகிறான், கதவு அழகாக மூடிக்கொள்கிறது. "இதைவிட நிஜமாக ஒரு கொலையைக் காட்ட முடியாது" என்று ஒரு மகானுபாவர் எழுதியிருந்தார். அவர் எத்தனை கொலையைப் பார்த்தாரோ!

நான் விளையாட்டு விமர்சனம் எழுதிப் பிழைக்கிறவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், எழுத்தும் அப்படித்தான். எங்கள் பத்திரிகைக்குப் பிரதி கடைசியாகத்தான் வந்தது. மற்றவர்கள் சொன்னதையே நானும் சொன்னால் யார் படிப்பார்கள்? என்ன குறை கண்டுபிடிக்கலாம் என்ற வெறியோடுதான் விளையாட உட்கார்ந்தேன்.

பக்கத்தில் மாமா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். அம்மா போன பிறகு என்னை வளர்த்து ஆளாக்கிய தாய்மாமன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எறும்பைக்கூட ஊதித்தான் விலக்குவார். ஒரு காலத்தில் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர், ஆனால் கையில் எவ்வளவு சுமை இருந்தாலும் எங்கள் நான்காவது மாடிக்குப் படியேறித்தான் வருவார். கேட்டால், "சமையல்காரன் தன் சமையலைச் சாப்பிடுவானா?" என்று மழுப்பிவிடுவார்.

"மாமா, இந்த லிஃப்டைப் பாருங்க. உங்க ஆளுங்க மாட்டினதா?" என்று வம்புக்கு இழுத்தேன்.

சட்டையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். முடிந்ததும், "இன்னொரு தடவை போடு" என்றார். போட்டேன்.

"கதவு மூடாது பாப்பா."

"ஏன் மாமா?"

"விழுந்தவனோட இடது கால் வெளிய நீட்டிட்டு இருக்கும். கால்ல பட்டா கதவு திரும்பத் திறந்துக்கும். மூட வரும், திறக்கும். மூட வரும், திறக்கும். இழுத்தாலும் வராது. ஷூவோட குதி இடுக்குல மாட்டிக்கும். லேஸை அவுத்து ஷூவைக் கழட்டினாத்தான் கால் உள்ள வரும்." மடியிலிருந்த சட்டையைத் திரும்ப மடித்தார். "அப்புறம் அந்த ஷூ கையிலயே இருக்கும். எங்க வைக்கிறதுன்னு தெரியாது. வீடு வரைக்கும் வந்துரும்."

எனக்குப் புல்லரித்தது. கட்டுரை கிடைத்துவிட்டதே என்ற சந்தோஷம். "மாமா, நீங்க பெரிய ஆளு!" என்று அவர் தலைமுடியைக் கலைத்தேன். அவர் சிரிக்கவில்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

'வியர்வையைக் காட்டத் தெரிந்தவர்களுக்கு ஒரு லிஃப்ட் கதவைக் காட்டத் தெரியவில்லை' என்று ஆரம்பித்தேன். என் மாமா லிஃப்ட் மெக்கானிக், அவர் சொன்னது இது என்று பெருமையாகப் போட்டு, கதவையும் ஷூவையும் அவர் வார்த்தையிலேயே எழுதி, அறுபது மதிப்பெண் கொடுத்தேன். முதலில் ரசிகர்கள் எனக்கு நன்றாகவே அர்ச்சனை செய்தார்கள். பிறகு அந்த ஷூ பத்தி மட்டும் தனியாகக் கிளம்பியது. தொண்ணூறு கொடுத்தவர்களே அதை எடுத்துப் போட்டார்கள். "உங்க மாமாவையும் வேலைக்குச் சேத்துக்கலாமா?" என்று ஆசிரியர் கேட்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் அலுவலகத்துக்கு ஒரு பெண்ணின் போன் வந்தது.

"ஷூ பத்தி எழுதினது நீங்கதானே?"

பாராட்டப் போகிறாள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"எங்க அப்பாவை லிஃப்ட்லதான் கொன்னாங்க. நான் அப்ப சின்னப் பொண்ணு. யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. அவர் கால்ல ஒரு ஷூ இல்ல. அது எந்தப் பேப்பர்லயும் வரல. போலீசுக்கும் எங்களுக்கும் மட்டும்தான் தெரியும். ஒரு ஷூவை எதுக்கு எடுத்துட்டுப் போனான்னு எங்கம்மா சாகுற வரைக்கும் கேட்டுட்டே இருந்தாங்க. நீங்க எழுதினதைப் படிச்சுத்தான் எனக்கு விளங்குச்சு."

"அது சும்மா ஒரு ஊகம்ங்க" என்றேன்.

"இருக்கலாம். யார் மேலயும் வீண் பழி போட எனக்கு ஆசை இல்ல. உங்க மாமாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. எந்தக் கால்? தப்பாச் சொன்னாருன்னா ஊகம்னு விட்டுர்றேன். சாயங்காலம் கூப்பிடுறேன்."

என் கைப்பேசி எண்ணை வாங்கிக்கொண்டு வைத்துவிட்டாள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டிருந்தால் பரவாயில்லை, என் வாயால் மாமாவை அல்லவா மாட்டிவிட்டிருக்கிறேன்! 'இடது' என்ற வார்த்தை மட்டும் கட்டுரையில் இல்லை. அநாவசியம் என்று நான்தான் வெட்டியிருந்தேன். சரி, வலது என்று சொல்லிவிடலாம். ஆனால் காணாமல் போனது வலது ஷூவாகவே இருந்தால்? மாமா 'இடது' என்று வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறார் என்று ஆகும். அப்போது நானே பொய் சொல்லி ஒரு பாவமும் அறியாதவரைப் பிடித்துக் கொடுத்துவிடுவேன். எது தப்பான பதில் என்று தெரிந்தால்தானே தப்பாகச் சொல்ல முடியும்? மாமாவிடம் கேட்டால் தெரிந்துவிடும். ஐயோ, அதைத் தெரிந்துகொள்ளத்தான் எனக்குத் தைரியமில்லை.

வீட்டுக்குத் திரும்பி லிஃப்டில் ஏறினேன். என் இரண்டு கால்களும் உள்ளேதான் இருந்தன. இருந்தாலும் கதவு மூடுவதற்குள் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

மாமா மேசையில் என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். "முகம் ஏன் இப்படிச் செத்துப் போயிருக்கு? சாப்பிட்டியா?" என்றார். அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குத் தலை பின்னிவிட்ட கைகள். அப்போது போன் அடித்தது.

"யாரு பாப்பா?"

"ஆபீஸ் விஷயம் மாமா." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். "கேட்டேங்க. வலது கால்னு சொல்றார்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது. "சரிங்க. மன்னிச்சுக்கங்க. இப்பவாவது தெரிஞ்சுரும்னு நெனச்சுட்டேன். பெரியவரைத் தொந்தரவு பண்ணிட்டேன்."

அப்பாடா! பிறகுதான் உறைத்தது. வலது தப்பான பதில் என்றால், சரியான பதில் எது?

திரும்பினேன். மாமா எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார்.

"அந்தப் பொண்ணா?" என்றார்.

எந்தப் பெண்ணைப் பற்றியும் நான் அவரிடம் மூச்சு விடவில்லை. இன்னும் துண்டிக்காத போனை மார்போடு அழுத்திக்கொண்டு வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். என் விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல் பிரித்தார்.

"விடும்மா. எவ்வளவு நாளைக்குத்தான் படியேறுறது?"

போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

"இடது கால்மா" என்றார். "ஷூ எங்கிட்டதான் இருக்கு."