முப்பது கிறெயின் குறைவு

"உவன் படிப்பையே அரைவாசியிலை விட்டவன். ஈயத்தை மட்டும் முழுசாத் தருவானோ?"

போன ஞாயிறு போட்டி முடிந்ததும், எங்கள் துப்பாக்கிக் கழகத்தில் இருக்கும் மற்றத் தமிழர் எட்டுப் பேருக்கு முன்னால் அகஸ்ரின் அண்ணை என்னைப் பற்றி இப்படிச் சொன்னார். நான் அங்கே இல்லை. மிசிசாகாவில் விமானப் பொதி பிரிக்கும் இரவு வேலை முடித்து வீட்டில் படுத்துக் கிடந்தேன். கழகச் செயலாளர் இக்னேசியஸ் அண்ணைதான் போன் எடுத்துச் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்புத்தான் எனக்கு எரிந்தது.

நடந்தது இதுதான். ஐந்நூறு மீற்றருக்கு அப்பால் செம்மறிக் கடா வடிவில் வெட்டிய கனத்த இரும்புத் தகடுகள் நிற்கும். துப்பாக்கிச் சன்னம் பட்டால் போதாது, தகடு விழ வேண்டும். அகஸ்ரின் அண்ணை சுட்ட மூன்று கடாக்களும் மணி அடித்த மாதிரிச் சத்தம் போட்டுவிட்டு அப்படியே நின்றன. அங்கேயே, தானே ஈயத்தை உருக்கி வார்த்த மிச்சச் சன்னங்களைக் கழகத் தராசில் வைத்திருக்கிறார். நானூற்றைந்து கிறெயின் இருக்க வேண்டியது முந்நூற்று எழுபத்தைந்து காட்டியது. முப்பது கிறெயின் என்றால் இரண்டு கிராம்தான். ஆனால் கடா விழாமல் நிற்க அது போதும். ஈயம் கொடுத்தவன் நான். ஆகவே கலப்படம் செய்தவனும் நான்.

எனக்கு அவருடைய கையெழுத்து வேண்டும். கழகத்தில் எனது முதல் வருடம் வரும் திங்கட்கிழமையோடு முடிகிறது. பழைய உறுப்பினர் ஒருவர் 'இவர் நம்பத்தகுந்தவர்' என்ற வரிக்குக் கீழே கையெழுத்து வைக்காவிட்டால் என்னை வெளியே போட்டுவிடுவார்கள். கள்ளன் என்று பெயர் எடுத்தவனுக்கு வேறு எவன் வைப்பான்?

சனிக்கிழமை காலை வெக்ஸ்போர்ட்டில் அவர் வீட்டுக் கராஜுக்குப் போனேன்.

"கூச்சமில்லாமல் வந்திட்டாய்," என்றார்.

"கூச்சப்பட வேண்டியது நானில்லை அண்ணை. அடுப்பை மூட்டுங்கோ."

நான் கொடுத்தது, இடித்த பல் வைத்தியசாலை ஒன்றின் எக்ஸ்ரே அறைச் சுவரில் இருந்த ஈயத் தகடு. சுத்தமானது. நகத்தால் கீறினால் கோடு விழும். அதில் ஒரு துண்டு மேசைக்குக் கீழே மிச்சம் கிடந்தது. கராஜ் கதவை முழுக்கத் திறந்துவிட்டு, அதை மட்டும் உருக்கச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே அதே அச்சில் இரண்டு சன்னம் வார்த்தார். ஆறியதும் தராசில் வைத்தேன். நானூற்றுப் பதினேழு. மற்றதும் அதேதான்.

"என்னடா, கூடவெல்லோ காட்டுது?"

"கூடத்தான் காட்டும். உங்கடை அச்சு இருபதுக்கு ஒண்டு ரின் கலந்த ஈயத்துக்கு வெட்டினது. ரின் எண்டால் ஈயத்திலும் பாரம் குறைஞ்ச வெள்ளை உலோகம். சுத்த ஈயம் ஊத்தினால் பாரம் கூடும். ரின்னைக் கூட்டக் கூட்டக் குறையும். குழி ஒரே அளவுதான். உள்ளுக்கு என்ன போகுது எண்டதுதான் விசயம்."

"விரிவுரையோ? பட்டம் எடுத்தனியோ நீ?"

"இல்லை. ரெண்டாம் வருசத்திலை விட்டனான். உது முதலாம் வருசப் பாடம். என்ரை தகட்டோடை வேறை என்ன போட்டனீங்கள்?"

"கடையிலை வாங்கின ரின் ஒரு இறாத்தல். உன்ரை தகடு பதினைஞ்சு இறாத்தல்தானே வந்தது. மிச்சம் வேண்டியிருந்த நாலை உவன் சுஹைரிட்டை வாங்கினனான். அதுவும் ஈயம்தான்."

சுஹைர் இரண்டு தெரு தள்ளிப் பட்டறை வைத்திருக்கிறார். புரியாணிக்காரரின் செம்புக் கிடாரங்களைத் திருத்திக் கொடுப்பது அவர் தொழில். அவர் கொடுத்ததில் ஒரு கட்டி தட்டில் இருந்தது. விரல் தடிப்பு, வெள்ளி மாதிரி மினுங்கியது. அதை எடுத்து அகஸ்ரின் அண்ணையின் காதுக்குப் பக்கத்தில் பிடித்து வளைத்தேன். நறநறவென்று முறிகிற சத்தம் கேட்டது. கட்டி முறியவில்லை.

"ஈயம் வளைஞ்சால் சத்தம் போடாது. உது ரின். முழுக்க ரின். இருபது இறாத்தலிலை அஞ்சு ரின் போட்டிட்டு என்னைக் கள்ளன் எண்டிருக்கிறீங்கள்."

"ஈயம் எண்டுதான் கேட்டனான். ஈயம் எண்டுதான் தந்தவன்!"

சுஹைரைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஓம், ஈயம் கேட்டாரு, ஈயம் குடுத்தேன்," என்றார் சுஹைர். "கிடாரத்துக்குப் பூசுற ஈயம். எங்கட வாப்பா நாப்பது வருஷம் பூசினது. வேற என்ன ஈயம்?"

"வலைக்குக் கட்டுற ஈயமடாப்பா!" என்று அகஸ்ரின் அண்ணை கத்தினார். அவர் பாசையூர்க்காரர். அவருக்கு ஈயம் என்றால் வலையைத் தண்ணீருக்குள் தாழ்த்துகிற கறுத்த மணிதான்.

"அது காரீயம் அண்ணன், நான் குடுத்தது வெள்ளீயம். அதப் பூசிச் சோறாக்கினா கலியாண வீட்டுச் சனம் நேரா மையத்து வீட்டுக்குத்தான் போகும். கறுப்பா வெள்ளையா எண்டு நீங்களும் சொல்லலயே."

போனை வைத்தேன். அகஸ்ரின் அண்ணை கட்டியைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"சரி, விடு. ரெண்டு ஈயம் இருக்கெண்டு ஆருக்குத் தெரியும்? படிவத்தைக் கொண்டா, வைச்சு விடுறன்."

படிவத்தை மேசையில் வைத்து, கையெழுத்து வரியை உள்ளங்கையால் மூடினேன்.

"முதல் இக்னேசியஸ் அண்ணைக்குப் போன் எடுங்கோ."

"டேய், கையெழுத்துத்தானே உனக்கு வேணும்?"

"கள்ளன் எண்டு கையெழுத்திலையோ சொன்னனீங்கள்? வாயாலைதானே சொன்னனீங்கள்."

அவர் இலக்கத்தை அழுத்தினார். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"இக்னேசியஸ்... உந்த ஜெனோசன்ரை ஈயம் நல்ல ஈயமாம். பிழை என்ரை."

"என்ன? கேக்கேல்லை. கார் கழுவிறன், தண்ணிச் சத்தம்."

"பிழை என்ரை எண்டிறன்!"

பக்கத்து வீட்டுப் பெண் குப்பைத் தொட்டியோடு நின்று எட்டிப் பார்த்தாள்.

"ஓ," என்றார் இக்னேசியஸ் அண்ணை. "அப்ப மிச்சம் ஏழு பேருக்கும் நான் சொல்லவோ, நீர் சொல்லுறீரோ?"

அகஸ்ரின் அண்ணை இப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் உள்ளங்கையை எடுக்கவில்லை.

"நானே சொல்லுறன்," என்று வைத்துவிட்டு, "இப்ப ஆறிச்சோ உனக்கு?" என்று என்னிடம் பாய்ந்தார்.

"இல்லை."

மூலையில் கிடந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் அடுத்த இலக்கத்தைத் தேடத் தொடங்கினார்.