மோட்டார் நின்ற பிறகு

1

இந்தக் கதை எனக்கு எப்படி வந்தது என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். திண்டுக்கல்லில் என் உறவுக்காரப் பெண் ஒருத்தி ஆன்லைனில் மனநல ஆலோசனை சொல்கிறாள். அந்த வேலையை எப்படிச் செய்கிறாய் என்று கேட்டேன். தன் முறையைச் சொன்னாள். யார் பேசினார்கள், என்ன பேசினார்கள் என்று மட்டும் மூச்சுவிடவில்லை. "அதக் கேக்கத்தான் வந்தியா? அப்ப காப்பியக் குடிச்சிட்டுக் கெளம்பு" என்றாள். குடித்துவிட்டுக் கிளம்பினேன். ஆகவே கீழே வரும் ஆட்கள் என் கற்பனை. பயம் கற்பனை இல்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "ஏஞ்சலின் மாடி அறையின் ஜன்னலைத் திறந்தாள். தூரத்தில் மலைக்கோட்டை வெயிலில்—"

விட்டுவிட்டேன். ஆலோசனை சொல்லும் என் ஏஞ்சலின் வேலை நேரத்தில் ஜன்னலைத் திறக்க மாட்டாள். மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டு வேர்க்க வேர்க்க உட்காருவாள். எதிர்முனையில் கேட்பதெல்லாம் அவளுக்கு வேண்டும்.

அவளுடைய முதல் கேள்வி "எப்படி இருக்கீங்க?" அல்ல. "உங்களச் சுத்தி என்ன சத்தம் கேக்குது?" என்பதுதான். முகத்தைக் காட்டச் சொல்ல மாட்டாள். இயர்போனை ஒரு காதில் மட்டும் மாட்டச் சொல்வாள். மறு காது வீட்டைக் கவனிக்க. யாராவது வந்துவிட்டால் எதையாவது இரண்டு முறை தட்ட வேண்டும். உடனே ஏஞ்சலின் தையல் டீச்சராகி, பிளவுசுக்குக் கழுத்து வெட்டுவது எப்படி என்று பேசத் தொடங்கிவிடுவாள். எல்லோர் போனிலும் அவள் பெயர் 'தையல் டீச்சர்'தான்.

இன்னொரு விதியும் உண்டு. பேச்சு திடீரென்று அறுந்தால் அழைப்பதற்கு, நம்பிக்கையான ஒருவருடைய எண்ணைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காதவர்களோடு அவள் தொடங்குவதில்லை.

(இந்த விதியை எழுதும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. நல்ல விதி என்றே நினைத்தேன்.)

3

ஏஞ்சலினிடம் பேசுகிற தமிழ்மதியை முதலில் அழுகிறவளாகத்தான் எழுதினேன். பக்கம் முழுக்க அழுதாள். அவளை எனக்கே நம்ப முடியவில்லை. அந்தப் பக்கத்தை அடித்துவிட்டு, சிரிக்கிறவளாக எழுதியதும் உயிர் வந்தது.

நெய்க்காரப்பட்டிப் பக்கம் தென்னந்தோப்பு. கணவன் விக்னேஷ்குமார் கையை ஓங்குகிறவன். தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சும் மோட்டாரைப் போடுவது அவள் வேலை. மும்முனை மின்சாரம் வரும் நேரந்தான் அவளுடைய ஆலோசனை நேரம். மோட்டார் அறைக்குள் போய்த் தகரக் கதவைச் சாத்திக்கொண்டு, மோட்டார் சத்தத்தின் மறைவில் பேசுவாள்.

"என்ன பேசுனாலும் கோவிச்சுக்காத ஒரே ஆளு இந்த மோட்டாருதானுங்க, மேடம்."

"பேரிங் தேஞ்சிருக்கு போலயே, கீச்சு கீச்சுங்குது."

"பார்த்தீங்களா, என்னைச் சரி பண்றதுக்குள்ள நீங்க மோட்டாரு ரிப்பேரே கத்துக்குவீங்க!"

இருவரும் சிரித்தார்கள். இந்தச் சிரிப்போடு கதையை முடித்திருக்கலாம்.

4

ஒரு மத்தியானம். தமிழ்மதி அன்று சிரிக்கவில்லை.

"ஒண்ணு முடிவு பண்ணிட்டேனுங்க, மேடம்."

"சொல்லும்மா. சத்தமாச் சொல்லு, மோட்டார் அமுக்குது."

(இந்த வரியை மூன்று முறை எடுத்துவிட்டு மூன்று முறை திரும்ப வைத்தேன். சத்தமாகச் சொல்லச் சொன்னது ஏஞ்சலின்தான்.)

"ஞாயித்துக்கெழம அவரு பழனிக்குப் போறாருங்க. நான் பஸ் ஏறிடறேன்" என்றாள் தமிழ்மதி. தொண்டை கிழிய அடுத்ததைச் சொன்னாள்:

"திரும்பி வரமாட்டேனுங்க!"

பாதி வாக்கியத்தில் மோட்டார் நின்றுபோயிருந்தது. 'வரமாட்டேனுங்க' மட்டும் அந்த அமைதிக்குள் தனியாக விழுந்தது.

கரண்ட் போயிருக்கலாம். யாராவது நிறுத்தியிருக்கலாம். ஏஞ்சலின் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். தகரக் கதவு கிறீச்சிட்டது. ஓர் ஆண் குரல், கோபமே இல்லாமல்: "எங்க வரமாட்ட, புள்ள?"

இரண்டு தட்டு வரும் என்று காத்திருந்தாள். இணைப்பு அறுந்தது.

5

தமிழ்மதி கொடுத்த எண்ணை ஏஞ்சலின் அழுத்தினாள். "பக்கத்துத் தோட்டத்து அய்யம்மாக்கா நம்பருங்க" என்று பேசத் தொடங்கிய முதல் நாளே தமிழ்மதி சொல்லியிருந்தாள். சொல்லுமுன் சற்று நேரம் தயங்கினாள். எல்லாச் சத்தத்தையும் கேட்கிற ஏஞ்சலின் அந்தத் தயக்கத்தைக் கேட்காமல் விட்டுவிட்டாள்.

மணி அடித்தது. எடுத்தார்கள். அதே ஆண் குரல்.

தமிழ்மதிக்கு அம்மா இல்லை. அவள் போனில் இருந்த பெயர்களெல்லாம் கணவன் வீட்டு ஆட்கள். எண் இல்லாவிட்டால் மேடம் பேசமாட்டார்களோ என்று பயந்து, மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண்ணை, அவனுடைய எண்ணையே, அய்யம்மாள் பெயரில் சொல்லியிருந்தாள்.

"தையல் டீச்சருங்களா?" என்றான் விக்னேஷ்குமார். அவ்வளவு மரியாதை. "தமிழு இங்கதான் இருக்கறா. என்ன சொல்லோணுமுங்க?"

அவன் குரலுக்குப் பின்னால் மோட்டார் மறுபடி ஓடத் தொடங்கியது. அதே பேரிங், அதே கீச்சு. இத்தனை நாள் அவள் பேச்சை மறைத்த சத்தம். இப்போது எதை மறைக்கிறதோ.

6

எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ. "ஆமாங்க, அடுத்த கிளாஸ் எப்பன்னு சொல்லத்தான்" என்கிறாள். அவன் நம்பிவிடுகிறான். (நம்புகிறவனுடைய குரல் அப்படி இருக்காது.)

ஆ. போனை வைத்துவிட்டுப் பெண்கள் உதவி எண் 181-க்கு அழைக்கிறாள். வண்டி நெய்க்காரப்பட்டியைத் தாண்டித் தென்னந்தோப்புக்குள்— எந்தத் தோப்புக்குள்? ஏஞ்சலினுக்கு அந்த இடத்தின் ஒவ்வொரு சத்தமும் தெரியும். முகவரி தெரியாது.

இ. "தமிழ்மதிகிட்ட போனக் குடுங்க" என்கிறாள். அவன் கொடுக்கிறான். மறுமுனையில்—

என்னால் முடியவில்லை. என் பயம் இதுதான்: உறவுக்காரி சொன்ன முறையின் அடையாளங்களை எல்லாம் மாற்றிவிட்டேன். தட்டு, தையல், மோட்டார் எல்லாம் நானாக வைத்தவை. ஆனால் நான் கற்பனையில் வைத்த மோட்டாரின் மறைவில் எங்கோ ஒருத்தி நிஜமாகவே பேசிக்கொண்டிருந்தால்? அவள் வீட்டுக்காரனும் இதைப் படித்துக்கொண்டிருந்தால்?

முடிவை வைத்துக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை. ஏஞ்சலினின் போனையும் சேர்த்து உங்களிடம் தருகிறேன். ஒரு காதில் அவன் காத்திருக்கிறான். மறு காதை மோட்டார் சத்தத்துக்குள் வையுங்கள். தகரக் கதவில் இரண்டு தட்டு கேட்கிறதா? கேட்டது என்று எழுதினால் பொய்யாகிவிடுமோ என்றிருக்கிறது. கேட்கவில்லை என்று எழுதக் கை வரவில்லை. நன்றாகக் கேட்டுவிட்டுப் பேசுங்கள். சீக்கிரம்.

"டீச்சர், லைன்ல இருக்கறீங்களா?"