காலியாக இருந்தால்?

புதுக் கம்ப்யூட்டர் மொழியைத் தொட்ட முதல் வாரமே எனக்கும் அதற்கும் ஜென்மப் பகை. இத்தனை காலம் நான் வெப்சைட் எழுதிய பழைய மொழி எனக்குச் செல்லம் கொடுத்தே கெடுத்திருந்தது. எதை எழுதினாலும் ஓட்டிவிடும். தப்பு இருந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம். புதியதிலோ, எழுதியதை ஓட்டுவதற்கு முன் சரிபார்க்கும் கம்பைலர் வாசலிலேயே நிற்கிறது. வரி வரியாகப் படித்துத் திருப்தி வந்தால்தான் உள்ளே விடும். அதற்கு நான் வைத்த பெயர் மாமியார்.

அன்று, ஒரு ஆஸ்பத்திரிக்கு எங்கள் கம்பெனி செய்து கொடுத்திருந்த நோயாளி விவரப் பக்கத்தைப் புது மொழியில் மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன். அங்கேதான் என் தங்கை நர்ஸ். மறுநாள் அம்மாவுக்கு முட்டி ஆபரேஷனும் அங்கேதான். "யாரும் அம்மாவ ஒரு கேள்வி கேக்கல. நானே எல்லாம் போட்டு அட்மிஷன் முடிச்சிட்டேன்" என்று தங்கை காலையில் போனில் பீற்றிக்கொண்டாள்.

பெயர், வயது எல்லாம் தாண்டிவிட்டேன். மருந்து ஒவ்வாமை என்ற கட்டத்தில் மாமியார் மறித்துக்கொண்டாள். இது காலியாக இருக்கலாம். இருந்தால் என்ன செய்வது என்று நீ சொல்லவில்லை என்றாள்.

"காலின்னா காலி! இதுல என்ன இருக்கு?" என்று திரையைப் பார்த்துக் கத்தினேன்.

பக்கத்து சீட் டிசைனர் ஹெட்போனைக் கழற்றினார். "மறுபடியும் மாமியாரா? பதில் சொல்லிட்டுப் போங்களேன்."

அவள் வாயை அடைக்க, 'காலி என்றால் இல்லை என்று காட்டு' என எழுதப் போனேன். ஆஸ்பத்திரியில் ஓடும் பழைய பக்கமும் அதைத்தான் செய்துகொண்டிருந்தது, யாரையும் கேட்காமல். இப்போது நானே என் கையால் சொல்ல வேண்டியிருந்தது. விரல் நின்றுவிட்டது. யாருடைய கட்டம் காலியாக இருக்கும்? யாரும் கேள்வி கேட்காதவர்களுடையது. அம்மாவையும் யாரும் கேட்கவில்லையே.

தங்கைக்குப் போன் போட்டேன்.

"அம்மாவுக்கு அந்த ஊசி ஆகாதே, அத ஒவ்வாமைக் கட்டத்துல போட்டியா?"

"அதான் எனக்குத் தெரியுமேக்கா. வீட்ல எல்லாருக்கும் தெரியும். அன்னிக்கு மூஞ்சி வீங்கி, மூச்சு முட்டி..."

"ஆபரேஷன் தியேட்டருக்குள்ள நீ இருப்பியா?"

"நான் வார்டு நர்ஸ். என்னை எப்படி உள்ள..." அவளே நிறுத்தினாள். கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. "அக்கா, ஒவ்வாமை இல்லைன்னு காட்டுது."

ஊசியின் பெயரை அவள் ஏற்றி முடித்து, வாய்விட்டுப் படிக்கும்வரை போனை வைக்கவில்லை. பழைய பக்கத்தை இன்றே மாற்ற வேண்டும் என்று டீம் லீடிடம் ஓடினேன். பிறகு வந்து உட்கார்ந்து, 'காலி என்றால், இன்னும் கேட்கவில்லை என்று சிவப்பில் காட்டு' என்று எழுதினேன். மாமியார் ஒரு வார்த்தை பேசாமல் வழிவிட்டாள்.

என் அம்மாவை அறியாத யாரோ எங்கோ உட்கார்ந்து, இந்தக் கேள்வியை ஒருவரும் மறந்துவிடக் கூடாது என்று ஒரு மொழியையே கட்டியிருக்கிறார்கள். அதையா இத்தனை நாள் திட்டித் தீர்த்தேன்!

மறுநாள் தியேட்டர் வாசலில் ஒரு நர்ஸ் திரையைப் பார்த்துக் கேட்டாள். "இந்த ஊசி உங்களுக்கு ஆகாதாம்மா?"

"ஆகவே ஆகாது. யாரு சொன்னா?" என்று அம்மா வியந்துபோய் எங்களைப் பார்த்தாள்.

தங்கை என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மாமியார்" என்றேன்.